பூனை, நாய், எலி, பைப்

உங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. லண்டனில் ஒரு பட்டறை. ஒரே மரக்கட்டைக் குவியல், ஒரே கடைசல் இயந்திரம், ஒரே வாரம். அதிலிருந்து இரண்டு புகை பைப்புகள் வெளியே வருகின்றன. ஒன்றின் மேல் பட்டறையின் சொந்தப் பெயர். இன்னொன்றின் மேல் எங்கோ அமெரிக்காவில் இருக்கும் தெருமுனைக் கடையின் பெயர். அறுபது வருஷம் கழித்து முதல் பைப் முந்நூறு டாலருக்குப் போகிறது. இரண்டாவது முப்பதுக்கு. நடுவில் இருக்கிற இருநூற்று எழுபது டாலர் எதற்காக?

பி.காம். படித்தவர்கள் கை தூக்குவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். அங்கேதான் வரப்போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். நான் புகைக்கிறவன் இல்லை. பீடி, சிகரெட், சுருட்டு எதுவும் கிடையாது. பைப் மட்டும் ஏதோ சாது என்று யாரும் நினைத்துவிடவும் வேண்டாம். 1964 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளியிட்ட, சிகரெட்டின் தலையெழுத்தை மாற்றிய அந்தப் புகழ்பெற்ற மருத்துவ அறிக்கையே பைப்புக்கும் உதட்டுப் புற்றுநோய்க்கும் முடிச்சுப் போட்டுவிட்டது. ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது புகையிலை வாங்கக் கிளம்பினால் அதற்கு நான் பொறுப்பில்லை. நான் சேகரிப்பது வெறும் பைப். காலி பைப். இப்போதைக்குப் பதினான்கு இருக்கின்றன.

'பைப் சேகரிக்கிறேன்' என்று சொன்னால் நம் ஊரில் முதலில் பிளம்பர் என்றுதான் நினைக்கிறார்கள். எதிர் ஃப்ளாட்காரர் ஒருநாள், "முக்கால் இஞ்ச் பி.வி.சி. ஒண்ணு மிச்சம் இருக்கு, வேணுமா ஸார்?" என்று அன்போடு கேட்டார். இத்தனைக்கும் தமிழில் இதற்கு சுங்கான் என்று அழகான பெயர் உண்டு. அகராதியில் பத்திரமாக இருக்கிறது. புழக்கத்தில்தான் இல்லை. நமக்கு பைப் என்றால் பழைய சினிமாவில் வருகிற பணக்கார அப்பாதான். பட்டு கவுன், வளைந்த மாடிப்படி, வாயில் பைப். மகள் ஏழையைக் காதலிப்பது தெரிந்ததும் பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு 'வாட்?' என்பார். அதோடு அந்தப் பொருளுக்கும் நமக்குமான உறவு முடிந்தது.

எனக்கும் அப்படித்தான் இருந்தது, அமெரிக்காவில் மேரிலாந்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகும்வரை. ஒரு சனிக்கிழமை காலை அத்தான், "கிளம்பு மாப்ளே, எஸ்டேட் சேல் போயிட்டு வரலாம்" என்றார். ஊட்டி, வால்பாறை மாதிரி ஏதோ தோட்டம் விலைக்கு வருகிறது போலிருக்கிறது என்று நானும் சட்டை மாற்றிக்கொண்டேன். போனால் ஒரு சாதாரண வீடு. வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். அவருடைய நாற்காலி, தட்டு, கோட்டு, கரண்டி எல்லாவற்றிலும் விலைச் சீட்டு ஒட்டி வாசலைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அங்கே எஸ்டேட் என்றால் செத்தவர் விட்டுப்போனது. பைப் பிரியர்கள் மத்தியிலும் 'எஸ்டேட் பைப்' என்றால் ஒருவர் புகைத்து முடித்தது என்று அர்த்தம்.

அந்த வீட்டு மேஜையில் ஒரு பைப் இருந்தது. கிண்ணத்தின் விளிம்பு கருகி, வாயில் வைக்கும் கறுப்புத் தண்டு பாசி படிந்த மாதிரி பச்சையாகி, பார்க்கப் பரிதாபமாக இருந்தது. பக்கவாட்டில் 'பெர்ட்ராம், வாஷிங்டன் டி.ஸி.' என்று முத்திரை. பக்கத்தில் ஒரு எண்: 60. விலை இருபத்தெட்டு டாலர். நம் பணத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம்.

அந்த 60 என்ன என்பதில்தான் விழுந்தேன்.

அதற்கு பைப் செய்கிற மரத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரியவேண்டும். பிரையர் என்பது மத்தியதரைக்கடல் ஓரத்துக் கல்லாங்காட்டில் வளர்கிற ஒரு புதர்ச்செடியின் வேர்முடிச்சு. தண்ணீர் கிடைக்காத மண்ணில் செடி தன் தண்ணீரைச் சேமித்துவைக்கிற உருண்டை அது. வெட்டுகிற அளவுக்கு வளர முப்பது, நாற்பது வருஷமாவது ஆகும். வெட்டி, பல மணி நேரம் கொதிக்கவைத்துச் சாற்றை இறக்கி, மாதக்கணக்கில் காயவைத்துத்தான் கடைசலுக்கு எடுப்பார்கள். நெருப்பை உள்ளே வைத்தாலும் லேசில் எரியாது. ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸ் மலைப்பக்கத்தில் இருக்கும் செயின்ட் க்ளாட் என்ற ஊர்க்காரர்கள் இதைக் கடைய ஆரம்பித்தபிறகு, களிமண் பைப்பின் காலம் மெல்ல மலையேறியது.

ஒரே ஒரு தொல்லை. கல்லுக்கு நடுவில் வளர்கிற வேர் என்பதால் உள்ளே மண்ணும் பொடிக்கல்லும் புதைந்திருக்கும். மேலே வழவழவென்று தெரிகிற கட்டையைக் கடையக் கடையத்தான் குழி தெரியும். குறையே இல்லாத கட்டை அபூர்வம். அப்போது என்ன செய்வார்கள்? நம் ஊர் தச்சர்கள் செய்வதுதான். மக்கு வைத்து அடைத்து, மேலே சாயம் பூசிவிடுவார்கள். அல்லது மேற்பரப்பையே சொரசொரப்பாகச் செதுக்கி அதை டிசைன் ஆக்கிவிடுவார்கள். தப்பு என்று சொல்ல முடியாது. உலகம் முழுக்க அதுதான் வழக்கம்.

வாஷிங்டன் பெர்ட்ராம் கடையில் அது கிடையாது. குழி இருந்தால் இருக்கட்டும், அடைக்க மாட்டார்கள். பைப்பைத் தரம் பார்த்துப் பத்து, இருபது, முப்பது என்று தொண்ணூறு சொச்சம் வரை ஒரு எண் போடுவார்கள். அந்த எண்ணைப் பைப்பின் மேலேயே முத்திரையாகக் குத்திவிடுவார்கள். அதற்குத் தகுந்த விலை. என் பைப் அறுபது. பாஸ், ஆனால் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று பீற்றிக்கொள்ள முடியாது. கிண்ணத்தின் அடியில் குண்டூசித் தலை அளவுக்கு இரண்டு குழி. கடைக்காரர் பார்த்திருக்கிறார், மார்க்கைக் குறைத்திருக்கிறார், அப்படியே விற்றிருக்கிறார். வாங்கியவரும் பார்த்துவிட்டே வாங்கி ஆயுசு முழுக்க புகைத்திருக்கிறார்.

நீங்கள் எப்போதாவது தன் பொருளின் மேலேயே 'இது அறுபது மார்க்தான்' என்று பொறித்துவிட்டு விற்கிற கடையைப் பார்த்திருக்கிறீர்களா? 1970-களில் பெர்ட்ராம் கடை மூடிவிட்டது.

பைப்பைப் பெட்டியில் வைத்து சென்னைக்குக் கொண்டுவந்தேன். இங்கேதான் அசல் பிரச்னை ஆரம்பித்தது. அதற்குப் பெயர் எச்சில்.

அமெரிக்கனுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. நமக்கு தம்ளரை வாய் வைத்துக் குடித்தாலே தனியாகக் கவிழ்த்துவைக்க வேண்டும். "டேய், செத்தவன் எச்சியைக் காசு குடுத்தா வாங்கியாந்தே?" என்றார் அம்மா. மனைவி அவ்வளவு நேரடியாகச் சொல்லவில்லை. "என்னங்க, அதை பூஜை அலமாரிப் பக்கம் மட்டும் வைக்காதீங்க" என்றதோடு சரி. இதற்குப் பரிகாரம் உண்டு. கிண்ணம் நிறையக் கல் உப்பைக் கொட்டி, ஆல்கஹால் ஊற்றி ஒரு ராத்திரி வைத்தால், காலையில் வெள்ளை உப்பு காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். அத்தனை வருஷத்துக் கசடும் அதில் வந்துவிடும். பச்சையான தண்டைத் தண்ணீர் தொட்டு நைஸ் உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க கறுப்பு திரும்பும், கூடவே கந்தக நாற்றமும். காரணம், அது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். எபோனைட். திருவள்ளூரிலும் ராஜமுந்திரியிலும் கையால் கடைந்த மைப்பேனாக்களுக்கும் இதே சரக்குதான். தாத்தா காலத்துப் பேனா வெயில் பட்டுப் பழுப்பாகிப்போனதைப் பார்த்திருப்பீர்கள். அதே வியாதி.

ஒன்றை மட்டும் நான் தேய்ப்பதில்லை. தண்டின் நுனியில் இருக்கும் பல் தடம். இந்த ரப்பரை லேசாகச் சூடு காட்டினால் பள்ளம் எழும்பிச் சமமாகிவிடும். மனசு வரவில்லை. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் 'மஞ்சள் முகம்' என்று ஒன்று. யாரோ மறந்துவிட்டுப்போன பைப்பை வைத்துக்கொண்டு, விளிம்பில் எந்தப் பக்கம் கருகியிருக்கிறது என்று பார்த்து ஆள் இடதுகைக்காரர் என்பார் ஹோம்ஸ். பைப்பின் விலையைவிட அதற்குப் போட்ட வெள்ளிப் பட்டையின் செலவு அதிகம், ஆகவே அதன்மேல் அவருக்கு உயிர் என்பார். (சுருட்டுச் சாம்பலைப் பார்த்தே 'இது திருச்சினாப்பள்ளி' என்று சொன்ன மனிதர், பைப்பை விடுவாரா?) என் பைப்பின் பழைய சொந்தக்காரர் யார் என்று எனக்குத் தெரியாது. இடது கடைவாயில் அழுத்திக் கடித்தவர் என்று மட்டும் தெரியும். போதும்.

இனி முதலில் கேட்ட கணக்கு.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஒரு பைப் கடை இருந்தது. சிகாகோவில் ஐவன் ரீஸ் 1857-ல் தொடங்கியது. பாஸ்டனில் பெரெட்டி 1870-ல். இவை பெரிய புள்ளிகள். இவற்றுக்குக் கீழே சின்னச் சின்ன ஊர்களில் பெயர் தெரியாத கடைகள் நிறைய. இவர்களில் பலர் சொந்தமாகக் கடையவில்லை. பெரிய பட்டறையில் ஆர்டர் கொடுத்துத் தங்கள் கடைப் பெயரைக் குத்தச் சொல்லி வாங்குவார்கள். செயின்ட் க்ளாட்டிலிருந்து 1879-ல் லண்டன் வந்து கடைசல் போட்ட ஹென்றி கோமாயின் பட்டறை இப்படிப் பல கடைகளுக்குச் செய்து கொடுத்தது. அடையாளம் சுலபம். கடைப் பெயர் எதுவாக இருந்தாலும், 'மேட் இன் லண்டன்' என்பது வட்டமாகவும் அதன் கீழே 'இங்கிலாண்ட்' நேராகவும் குத்தியிருந்தால், பெரும்பாலும் அது கோமாய் வீட்டுப் பிள்ளைதான். இவற்றில் சில இரண்டாம் தரம். சில அசலுக்கு அசல். இரண்டுமே விலை மலிவு, ஏனென்றால் கடைப் பெயரை இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

ஆக, அந்த இருநூற்று எழுபது டாலர் மரத்துக்கு இல்லை. பெயருக்கு. டன்ஹில் பைப்பின் தண்டில் ஒரு குட்டி வெள்ளைப் புள்ளி இருக்கும். எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று வாடிக்கையாளருக்குத் தெரிவதற்காக வைத்த அடையாளம் அது. இன்றைக்கு அந்தப் புள்ளி தெரிந்தாலே விலையில் ஒரு சைபர் ஏறுகிறது. கணக்குப் பதிவியலில் இதற்கு குட்வில் என்று பெயர். தமிழ் மீடியத்தில் நற்பெயர். கடந்த சில வருஷ சராசரி லாபத்தை இத்தனை வருஷம் என்று பெருக்கினால் விடை. பரீட்சையில் எட்டு மார்க்.

1810-ல் இங்கிலாந்தில் எல்டன் பிரபு என்ற நீதிபதி இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். பழைய வாடிக்கையாளர் பழைய இடத்துக்கே திரும்பி வருவார் என்கிற வாய்ப்புதான் குட்வில். பிற்பாடு வந்தவர்கள் இதை மிருகக்காட்சி சாலை ஆக்கிவிட்டார்கள். பூனைக்கு வீடுதான் முக்கியம், ஆள் மாறினாலும் வீட்டை விடாது. அப்படிக் கடையை விடாத வாடிக்கையாளர் பூனை குட்வில். நாய் எஜமானன் பின்னால் போகும், அது நாய் குட்வில். எலிக்கு ரெண்டும் இல்லை. காமர்ஸ் வகுப்பில் இந்த இடம் வரும்போது கடைசி பெஞ்ச்சும் விழித்துக்கொள்ளும்.

என் அலமாரியில் இருக்கும் பைப்புகள் இந்த மூன்றிலும் சேரவில்லை. கடையும் இல்லை, முதலாளியும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. பெயர் மட்டும் மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணக்குப்படி அதன் மதிப்பு சைபர். அது சைபராக இருப்பதால்தான் என்னால் வாங்க முடிகிறது. மலிவு, மலிவு என்று நான் சந்தோஷப்படுகிற ஒவ்வொரு டாலரும் யாரோ ஒரு கடைக்காரரின் பெயர் செத்ததால் குறைந்த டாலர்.

இது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று தைக்கிற இடம். கும்பகோணத்தில் எங்கள் அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தார். பித்தளை, வெண்கலம், கொஞ்சம் எவர்சில்வர். விற்கிற பாத்திரத்தின் அடியில் கடைப் பெயரை அடிக்க ஒரு சின்ன இரும்பு அச்சு உண்டு. அச்சை வைத்து சுத்தியலால் ஒரே தட்டு. ரெண்டாவது தட்டு விழுந்தால் எழுத்து இரட்டிக்கும். நாச்சியார்கோவிலிலிருந்து விளக்கு வந்தால் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வார்ப்பில் ஊசித் துளை விழுந்து ஈயம் வைத்து அடைத்திருந்தால் தனியாக எடுத்துவைத்துவிடுவார். வாங்குகிறவரிடம் துளையைக் காட்டி, விலையைக் குறைத்துக் கொடுப்பார். ஆனால் அச்சு அடிக்க மாட்டார். "பேர் போட்டா நாளைக்கு அதுக்கு நான் பதில் சொல்லணும்" என்பார்.

1994-ல் கடையை மூடினோம். பெரிய சோகக் கதை எல்லாம் இல்லை. அவருக்கு முட்டி வலி, எனக்குப் பத்திரிகை வேலை, ஊருக்கு பிளாஸ்டிக் குடம். சரக்கை எடுத்துக்கொள்ள வந்தவர் தராசோடு வந்தார். பித்தளை கிலோ இவ்வளவு, வெண்கலம் கிலோ இவ்வளவு. அச்சு அடித்த பாத்திரமும் அடிக்காத பாத்திரமும் ஒரே தட்டில் ஏறின. கணக்கு முடித்துக் கொடுத்த ஆடிட்டர் சொத்துப் பட்டியலில் குட்வில் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் எழுதியிருந்தாலும் அதே கோடுதான் போட்டிருப்பேன். அப்படித்தான் படித்தேன். அப்பா எதுவும் சொல்லவில்லை. அச்சை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

பெர்ட்ராம் பைப்பைச் சுத்தம் செய்து முடித்ததும் அப்பாவிடம்தான் முதலில் காட்டினேன். எச்சில் பற்றி அவர் பேசவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழக்கதோஷம், முதலில் அடியைத் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு குழி இருக்கே. அடைக்கலையா?"

"அந்தக் கடையில அடைக்க மாட்டாங்கப்பா. மார்க் போட்டு அப்படியே வித்துருவாங்க. இதுக்கு அறுபது."

முத்திரையைக் கட்டைவிரலால் தடவினார். "நல்ல யாவாரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கடை இருக்கா?"

"இல்லப்பா. மூடி அம்பது வருஷம் ஆச்சு."

"என்ன வெல குடுத்தே?"

சொன்னேன். மனசுக்குள் ரூபாயாக மாற்றினார். "பரவால்ல. எடைக்குப் போகலை" என்று பைப்பை என் கையில் கொடுத்துவிட்டு, காப்பி குடிக்க எழுந்து போனார்.

பதினான்கு பைப்பையும் சேர்த்தால்கூட ஒரு நல்ல டன்ஹில் வாங்குகிற பணம் ஆகியிருக்காது. வெள்ளைப் புள்ளி வேண்டும் என்ற ஆசை எனக்கு வரவில்லை. அதைக் கொண்டாட உலகம் இருக்கிறது, நான் எதற்கு?

யாராவது வெளிநாடு போகிறவர்களுக்கு இந்தக் கிறுக்கு தொற்றினால், சில குறிப்புகள். பளபளப்பைப் பார்க்காதீர்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு முத்திரையைப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தால் தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும். தண்டு செருகுகிற கழுத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். கிண்ணத்தின் உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். ஓரிடத்தில் மட்டும் குழிந்திருந்தால் மரமே எரிந்திருக்கிறது என்று அர்த்தம். பச்சைத் தண்டு, கருகிய விளிம்பு, உள்ளே அப்பிய கரி, இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். அவை போய்விடும். அவற்றைச் சொல்லிப் பேரமும் பேசலாம். சுத்தம் செய்யும்போது மட்டும் முத்திரை மேல் உப்புத்தாள் படக்கூடாது. மினுமினுவென்று தேய்த்துப் பெயரை அழித்துவிட்ட பைப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அழகாகத்தான் இருக்கும். யாருடையது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

வெளிநாடு போகாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வீட்டுப் பரணில் பாட்டி காலத்து அண்டா, குடம், குத்துவிளக்கு ஏதாவது கிடக்கும். பழைய பாத்திரக்காரர் தராசோடு வாசலில் நிற்கும்போது, போடுவதற்கு முன் ஒருதரம் திருப்பி அடியைப் பாருங்கள். பாட்டியின் பெயர் பக்கவாட்டில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும், அது உங்களுக்கே தெரியும். நான் சொல்வது அடியில், ஓரமாக, சின்னதாக இருக்கிற இன்னொரு பெயர். புளி போட்டுத் தேய்த்தால் படிக்க வரும்.